பெயர் மறந்தவனுக்குச் சீனி மறக்குமா? (நினைவிழப்பு த்ரில்லர் எழுதுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்)

கரிசல்குருவி:
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் சிறுகதையோடு நிறுத்திக்கொண்டவன், முதல்முறையாக ஒரு தொடர்கதையில் இறங்கியிருக்கிறேன். சஸ்பென்ஸ் த்ரில்லர். சுருக்கம் இதுதான்:

விழுப்புரம் ஜங்ஷன், அதிகாலை மூன்றரை மணி. நடைமேடை பெஞ்சில் லுங்கி கட்டிய ஒருவன் கண் விழிக்கிறான். பின்மண்டையில் ரத்தம் காய்ந்திருக்கிறது. பெயர் என்ன, ஊர் எது, எதற்கு இங்கே வந்தோம், ஒன்றும் தெரியவில்லை. சட்டைப்பையில் ஒரு லாக்கர் சாவி, ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இரண்டு பேர் அவனைத் தேடி வருகிறார்கள். ஓடுகிறான். ஓடும்போதுதான் தனக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்பது அவனுக்கே தெரிகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மறுபடி தலையில் அடிபட்டு எல்லாம் ஞாபகம் வருகிறது. போட்டோவில் இருப்பவளைக் கொன்றது அவனேதான்.

விழுப்புரத்தை எடுத்ததற்குக் காரணம், அங்கிருந்து தண்டவாளம் ஐந்து பக்கம் பிரிகிறது. எங்கிருந்து வந்தான் என்பதே புதிராக இருக்கும் அல்லவா?

ஏழு அத்தியாயம் முடித்துவிட்டேன். வீட்டில் படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார்கள். அது எந்த மாதிரி "நல்லா இருக்கு" என்று எழுதுகிறவர்களுக்குப் புரியும். தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

அரைப்படி:
தாட்சண்யம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால்: கடலில் மிதந்தவனைப் படகில் தூக்கிப் போட்டு, இடுப்புத் தோலுக்கு அடியிலிருந்து ஜூரிச் பேங்க் கணக்கு எண்ணை எடுப்பார்களே, ராபர்ட் லட்லம் 1980-ல் எழுதிய 'தி பார்ன் ஐடென்டிட்டி' நாவலின் உளவாளி ஜேசன் பார்ன், அவனைத்தான் கரையேற்றி விழுப்புரத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். மாட் டேமன் நடித்து 2002-ல் படமாகவும் வந்துவிட்டது. லாக்கர் சாவி, துரத்தும் இருவர், தன்னையறியாமல் சண்டை போடும் கை, எல்லாம் பார்த்தாகிவிட்டது.

அப்புறம் இரண்டாவது அடி. தம்பி, டிவி ரிப்பேரானால் மேலே தட்டுகிற காலம் போய்விட்டது.

கரிசல்குருவி:
அண்ணே, வலிக்கிறது, ஆனால் நியாயம். அடிபட்டால் போகிறது, அடிபட்டால் வராதா?

தேன்மொழி:
வராது. நான் நரம்பியல் வார்டில் வேலை பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடி மூளைக்கு இன்னொரு காயம், அவ்வளவுதான். முதல் அடியில் பிழைத்ததும் அதில் போகலாம். ஆனால் உங்கள் கதையில் அதைவிடப் பெரிய ஓட்டை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தலையில் அடிபட்டவன் தன் பெயரை மறப்பதில்லை.

மயக்கம் தெளிகிற சமயத்தில் குழப்பம் இருக்கும், உளறலாம். அதைச் சொல்லவில்லை. தெளிவாகப் பேசுகிறான், டிக்கெட் வாங்குகிறான், வழி கேட்கிறான், புதிதாகப் பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொள்கிறான், ஆனால் பெயரும் நாற்பது வருட வாழ்க்கையும் சுத்தமாக இல்லை என்றால், அது பெரும்பாலும் அடியால் வந்தது கிடையாது. மூளைக் காயத்தில் நடப்பது நேர் எதிர். பழையது நிற்கும், புதியது நிற்காது. அடிபட்ட நாள், அதற்கு முந்தின சில நாள், சிலருக்குச் சில மாதம் போகலாம். சின்ன வயசு, அம்மா பெயர், சொந்தப் பெயர் எல்லாம் அடியாழத்தில் பத்திரமாக இருக்கும். தியோதூல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை 1881-லேயே எழுதி வைத்துவிட்டார்: கடைசியில் வந்த நினைவுதான் முதலில் போகும்.

இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த நோயாளி ஹென்றி மொலேசன். உயிரோடு இருந்தவரை 'ஹெச்.எம்.' என்றுதான் கட்டுரைகளில் வரும், பெயரை வெளியிடவில்லை. வலிப்பு நோய்க்காக 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரண்டு பக்கமும், புதிய நினைவைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வயது 27. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. பல வருடம் தன்னை ஆராய்ந்த விஞ்ஞானியையே ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சந்தித்தார். 82 வயதில், 2008-ல் இறந்தார். ஆனால் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால் எப்போதும் சரியாகச் சொல்வார்.

அவரிடம் பிரெண்டா மில்னர் என்ற நரம்பு உளவியல் நிபுணர் செய்த ஒரு சோதனை உங்களுக்குப் பயன்படும். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டை வரைய வேண்டும். முதலில் யாருக்கும் கை கோணும். மூன்று நாளில் அவர் நன்றாக வரையக் கற்றுக்கொண்டார். ஆனால் மூன்றாம் நாளும் "இதற்கு முன்னால் நான் இதைச் செய்ததே இல்லை" என்றுதான் நினைத்தார். கைக்கு ஞாபகம் இருந்தது, ஆளுக்கு இல்லை.

அதனால் சுடத் தெரிந்த கை என்பது மட்டும் உங்கள் கதையில் தப்பித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் தலைகீழ்.

வண்டிச்சக்கரம்:
அப்படியென்றால் நம் 'கஜினி' சரிதானே? சூர்யாவுக்குப் புதிதாக எதுவும் தங்காது. பதினைந்து நிமிடம்தான்.

தேன்மொழி:
அடிப்படை சரி. ஆனால் 'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்ற சொல்லை ஊர் முழுக்கப் பரப்பிய புண்ணியமும் அந்தப் படத்துக்குத்தான். உண்மையில் அவர்களுக்குப் போவது குறுகிய கால நினைவு இல்லை, அது நன்றாகவே இருக்கும். ஒரு போன் நம்பரைச் சொன்னால் திருப்பிச் சொல்வார்கள். அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தால் பிடித்தும் வைத்திருப்பார்கள். கவனம் வேறு பக்கம் திரும்பினால் போயிற்று. அங்கிருந்து நிரந்தர நினைவுக்குப் போகிற பாதைதான் அறுந்திருக்கிறது. பதினைந்து நிமிட அலாரமெல்லாம் யாருக்கும் கிடையாது.

பழையபேப்பர்:
'மெமெண்டோ'வை விட்டுவிட்டீர்களே. 2000-ல் வந்தது, நோலன். அதில் நாயகனுக்குத் தன் பெயர் தெரியும், அடிபடும் வரை நடந்த எல்லாம் தெரியும், அதற்குப் பிறகுதான் எதுவும் ஒட்டாது. தேன்மொழி சொன்ன கணக்கில் பாஸ். வண்ணக் காட்சிகள் பின்னாலிருந்து முன்னால் வரும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேராகப் போகும். வித்தை காட்ட அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் 'இதற்கு முன்னால் என்ன நடந்தது' என்று நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பார்க்கிறவனுக்கே அந்த நோயைக் கொடுத்துவிட்டார்.

தேன்மொழி:
சாலி பாக்ஸன்டேல் என்ற நரம்பு உளவியல் நிபுணர் 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், சினிமாவில் வரும் மறதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய எல்லாப் படத்தையும் பிழிந்து காயப்போட்டுவிட்டு, உருப்படியானவை என்று விரல் விட்டு எண்ணித்தான் சொன்னார். அதில் மெமெண்டோவும் உண்டு. இன்னொன்று, சிரிக்காதீர்கள், 'ஃபைண்டிங் நீமோ'வில் வருகிற நீல மீன்.

மருதாணி:
நீல மீன் என்றதும் எங்கள் மாமியார் ஞாபகம் வந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மார்கழி மாதம். விடியற்காலை பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். வெள்ளி என்றேன். "ஓ" என்றார். ஒரு நிமிடம் கழித்து அதே குரலில், "இன்னைக்கு என்ன கிழமை?" காலை பத்து மணிக்குள் எத்தனை முறை கேட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. என்னைத் தெரிகிறது, பேரன் பெயர் தெரிகிறது, கோலம் போடுகிறார், கோலத்தில் ஒரு புள்ளி தப்பவில்லை. கோலம் போட்டதுதான் ஞாபகம் இல்லை. "யார் போட்டது, நல்லா இருக்கே" என்று என்னிடமே கேட்டார்.

பக்கவாதம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குள் உறவில் ஒருவர் மந்திரிக்கச் சொல்லி வேறு நேரத்தைக் கடத்தினார். சாயங்காலம் தானாகச் சரியானார். அந்த ஒரு நாள் மட்டும் அவருக்கு இன்றுவரை இல்லை. டாக்டர் ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார், திரும்ப வருவது அபூர்வம் என்றார்.

தேன்மொழி:
டிரான்சியண்ட் குளோபல் அம்னீசியா. பெரும்பாலும் ஐம்பது, எழுபது வயதுக்கு நடுவில் வரும், 24 மணி நேரத்துக்குள் போய்விடும். குளிர்ந்த நீர், கடும் உழைப்பு, பெரிய மனக்கலக்கம் இதையெல்லாம் ஒட்டி வருவதுண்டு. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் சரி. பக்கவாதமா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது.

வண்டிச்சக்கரம்:
மருதாணி அக்கா சொன்னதைப் படிக்கும்போதே விஜய் சேதுபதி குரலில் "என்னாச்சு?" என்று கேட்கிறது.

அரைப்படி:
நானும் அதைத்தான் நினைத்தேன். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்', 2012. கல்யாணத்துக்கு முன்னால் கிரிக்கெட் விளையாடி, கேட்ச் பிடிக்கப் பின்னால் போய் விழுந்து, பின்மண்டையில் அடி. கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணே நினைவில் இல்லை, ஆனால் பழைய நண்பர்கள் எல்லாம் தெரிகிறார்கள். ஒரே கேள்வி, ஒரே வரிசை, திரும்பத் திரும்ப. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாக நடந்த கதை அது. தனக்கு நடந்ததைத் தானே கேமரா பிடித்து எடுத்தார். (அவரேதான் பின்னால் '96' இயக்கினார். ஒன்றையும் மறக்க முடியாதவனைப் பற்றிய படம். என்ன ஒரு கணக்குத் தீர்ப்பு!)

ஆக, துப்பாக்கி, துரத்தல் என்று சீரியஸாக எடுத்தவர்கள் எல்லாம் கோட்டை விட்ட இடத்தில், சிரிப்புப் படம் எடுத்தவர்கள் பிடித்துவிட்டார்கள். தெரிந்தவனுக்கு நடந்ததை அப்படியே எடுத்தார்கள், அதனால்.

பழையபேப்பர்:
நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன், கோபிக்க வேண்டாம். கதைக்குக் காலுண்டா? துஷ்யந்தனுக்கு எந்த நரம்பு கெட்டது என்று காளிதாசனை யாரும் கேட்கவில்லை. மோதிரம் தொலைந்தது, சகுந்தலையை மறந்தான், மீன் வயிற்றில் மோதிரம் கிடைத்தது, ஞாபகம் வந்தது. 'மூன்றாம் பிறை'யில் விபத்தில் அடிபட்ட பெண் குழந்தையாகிவிடுகிறாள், வைத்தியம் பார்த்ததும் பழையபடி ஆகிறாள், நடுவில் இருந்தது துடைத்துப் போகிறது. தேன்மொழி அக்காவிடம் கொடுத்தால் மார்க் போடமாட்டார். ஆனால் அந்த ரயில் நிலையத்தில் கமல் படுகிற பாட்டைப் பார்த்து 1982-லிருந்து அழுதுகொண்டிருக்கிறோமே, அது பொய்யா?

வாசகனுக்கு வேண்டியது சந்தேகம் இல்லாமல் படிக்கிற வேகம். மருத்துவ அறிக்கை இல்லை.

தேன்மொழி:
கோபமே இல்லை. மூன்றாம் பிறை எனக்கும் பிடிக்கும். அது மறந்தவளின் கதை இல்லை, மறக்கப்பட்டவனின் கதை. அவன் வலியில் ஒரு பிழையும் இல்லை. வார்டில் நான் தினம் பார்ப்பதும் அவனைத்தான், நோயாளியின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான்.

ஆனால் கரிசல்குருவி எழுதுவது புதிர்க்கதை. புதிர்க்கதையில் வாசகன் கூடவே துப்பறிவான். விதி என்னவென்று அவனுக்குத் தெரியவேண்டும். எதை வேண்டுமானாலும் மறக்கலாம், எப்போது வேண்டுமானாலும் ஞாபகம் வரலாம் என்றால் அவன் எதை வைத்து யோசிப்பான்? சீட்டாட்டத்தில் பாதியில் விதியை மாற்றுகிற மாதிரி.

கரிசல்குருவி:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், பதில் போடத் தெம்பில்லை. ஏழு அத்தியாயத்தையும் கிழிக்கவேண்டியதுதானா? பெயரை மறந்தவன் இல்லையென்றால் என் கதையே இல்லை.

வண்டிச்சக்கரம்:
கிழிக்காதீர்கள். தேன்மொழி அக்கா ஒன்றைக் கவனமாகச் சொன்னார், நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள்: "அது பெரும்பாலும் அடியால் வந்தது கிடையாது." அப்படியென்றால் வேறு எதனாலோ வரலாம் என்றுதானே அர்த்தம்?

ஆன்சல் பார்ன் என்று ஒருவர் இருந்தார். ஆமாம், அதே பார்ன். ஆனால் இவர் உளவாளி இல்லை, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஊர் ஊராகப் போய்ப் போதித்த பாதிரியார், அறுபதைத் தாண்டியவர். 1887 ஜனவரி 17 அன்று பிராவிடன்ஸ் நகரத்தில் பேங்கிலிருந்து 551 டாலர் எடுத்தார், குதிரை டிராமில் ஏறினார். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஊருக்கு ஏ. ஜே. பிரவுன் என்று ஒருவர் வந்து சின்னக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். எழுதுபொருள், மிட்டாய், பழம் விற்றார். சரக்குத் தீர்ந்தால் ஃபிலடெல்ஃபியா போய் வாங்கி வருவார். கடைக்குப் பின்னாலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போனார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. மார்ச் 14 காலையில் பயந்துபோய் எழுந்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். என் பெயர் பார்ன், பிரவுன் யாரென்றே தெரியாது, கடை நடத்தவும் எனக்குத் தெரியாது என்றார்.

1890-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் அவரை ஹிப்னாடிஸத்தில் வைத்தபோது பிரவுன் வெளியே வந்து பேசினார், அந்த இரண்டு மாதக் கதையைச் சொன்னார். பிரவுனுக்குப் பார்னைத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கடைக்கார பிரவுன் ஒருநாள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நன்றாகப் பேசினாராம். பெயர் போய்விட்டது, பாதிரியார் போகவில்லை!

தேன்மொழி:
இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். 'ஃபியூக்' என்பார்கள், அந்தச் சொல்லுக்கே ஓட்டம் என்றுதான் பொருள். தாங்கமுடியாத ஏதோ ஒன்றிலிருந்து மனசு ஓடும், கால் அதன் பின்னாலேயே போகும். மூளையில் காயம் இருக்காது. மிக அபூர்வம், ஆனால் உண்டு.

கரிசல்குருவி, இங்கே உங்கள் கதையின் கேள்வியே மாறுகிறது. 'நான் யார்?' என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். 'நான் எதிலிருந்து ஓடினேன்?' என்று கேட்டுப் பாருங்கள்.

மருதாணி:
அகதா கிறிஸ்டி காணாமல் போனதும் இந்த வகைதானே?

அரைப்படி:
அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 1926 டிசம்பர் 3 இரவு காரில் கிளம்பினார், கார் மட்டும் சர்ரேயில் ஒரு சரிவில் கிடந்தது. நாடே தேடியது. பதினோரு நாள் கழித்து, வடக்கே ஹாரோகேட்டில் ஒரு ஹோட்டலில் இருந்தார். பதிவேட்டில் அவர் எழுதியிருந்த பெயர் தெரசா நீல். நீல் என்பது கணவர் ஆர்ச்சி காதலித்த பெண்ணின் குடும்பப் பெயர். இரண்டு டாக்டர்கள் நினைவிழப்பு என்றார்கள். அவரோ தன் சுயசரிதையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

உண்மையாகவே மறந்தாரோ, கணவருக்குப் பாடம் சொன்னாரோ, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த மனசு இருக்கிறதே, அதுதான் த்ரில்லர். எல்லாம் மறந்த பிறகும் சக்களத்தி பெயர் மறக்கவில்லை.

பழையபேப்பர்:
சரி, நான் தோற்றேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் கட்சி மாறுகிறேன். இது அடிபட்ட கதையைவிட நன்றாக இருக்கிறது.

ஒரு நடைமுறைச் சிக்கல் சொல்கிறேன். கரிசல்குருவி, உங்கள் ஆளிடம் போன் இருக்கிறதா? இருந்தால் கட்டை விரலை வைத்ததும் திறந்துவிடும். குடும்ப குரூப்பில் இருபது பேர் காலை வணக்கம் போட்டிருப்பார்கள். மூன்றே முக்கால் மணிக்குக் கதை முடிந்தது.

கரிசல்குருவி:
ஐயோ. போனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பழையபேப்பர்:
தொலையுங்கள். அல்லது அவனே ரயிலிலிருந்து எறிந்திருக்கட்டும், ஏனென்று அவனுக்கே தெரியாமல்.

அடுத்து ஆதார். 'கைரேகை வைத்தால் போலீஸ் கண்டுபிடித்துவிடும்' என்று எழுதிவிடாதீர்கள். 2016-ல் வந்த ஆதார் சட்டம் அப்படித் தேட இடம் கொடுப்பதில்லை. ஆனால் இன்னொரு வழியாக ஆள் அகப்படுவதுண்டு. ஆள் யாரென்று தெரியாத ஒருவருக்குப் புதிதாக ஆதார் எடுக்கக் கூட்டிப் போவார்கள். பத்து விரலும் இரண்டு கருவிழியும் பதிவு செய்வார்கள். சில நாளில் விண்ணப்பம் தள்ளுபடியாகும்: இவர் ஏற்கெனவே பதிவானவர். அந்தத் தள்ளுபடியைப் பிடித்துக்கொண்டு போய், வருடக்கணக்கில் காணாமல் போயிருந்த பிள்ளைகள் வீடு சேர்ந்த செய்திகள் வந்திருக்கின்றன.

இப்போது யோசியுங்கள். உங்கள் ஆள் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்கிறான். விரலை வைத்தால் தான் யாரென்று தெரிந்துவிடலாம். அவன் முறை வருகிறது, விரல் நடுங்குகிறது, வெளியே ஓடிவிடுகிறான். துப்பாக்கியே வேண்டாம்.

தேன்மொழி:
அட!

வண்டிச்சக்கரம்:
அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக ஒருவர் மாட்டிக்கொண்டார். 2004-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் உணவகத்தின் பின்புறம் நினைவில்லாமல் கிடந்தவர். கைரேகையைத் தேடினார்கள், டிவியில் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பெயர் தெரியாததால் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, எண் இல்லாததால் ஒழுங்கான வேலையில்லை. 2015-ல்தான் மரபணுவை வைத்துத் தூரத்து உறவுகளைத் தேடிப் பிடித்து யாரென்று கண்டுபிடித்தார்கள். பதினோரு வருடம். பேய் பிசாசு துரத்தவில்லை, விண்ணப்பப் படிவம்தான் துரத்தியது.

உப்புக்கல்:
ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆதரவற்றோர் காப்பகம் ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊர் சொல்லத் தெரியாது. அவர்களுக்கு இருந்தது மனநோய், நீங்கள் பேசுகிற மறதி இல்லை. ஆனால் வேலை ஒன்றுதான்: இவர் எங்கிருந்து வந்தார்?

நேராகக் கேட்டால் ஒன்றும் வராது. "ஊர் எது?" என்றால் தலை குனிந்துகொள்வார்கள். அதனால் நாங்கள் கேட்பதை விட்டுவிட்டுப் பேச விட்டோம். டீ கொடுக்கும்போது காது அங்கேதான் இருக்கும். "சீனி போதுமா?" என்று தானே கேட்டால் தெற்குப் பக்கம். "அஸ்கா" என்றால் கொங்கு, சேலம். நாம் 'சர்க்கரை' என்று வெள்ளைச் சீனியைச் சொல்ல, வெல்லத்தை எதிர்பார்த்து முழிக்கிறவர் என்றால் மறுபடி தெற்கு. 'அங்கிட்டு' என்கிறாரா, 'பைய வா' என்கிறாரா, லுங்கியைக் கைலி என்கிறாரா, சாரம் என்கிறாரா. வாயில் ஊர் இருக்கும். நான்கு நாள் கவனித்தால் மாவட்டம் வந்துவிடும், அப்புறம் அந்தப் பக்கத்துக் கோயில் திருவிழா, பஸ் பெயர் என்று பேச்சுக் கொடுத்து நெருங்குவோம்.

அதேபோல் கை. ஒருவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் கீரைக்கட்டு வந்தது, உட்கார்ந்து சணலைப் பிரித்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு கட்டும் ஒரே அளவு. காய்கறிக் கமிஷன் மண்டிகளில் அவர் போட்டோவைக் காட்டினோம், மூன்றாவது மண்டியில் ஆள் தெரிந்துவிட்டது.

தேன்மொழி:
உப்புக்கல் சார், நாங்கள் ஸ்கேன் எடுத்துத் தேடுவதை நீங்கள் டீயில் தேடியிருக்கிறீர்கள். பேச்சும் கைப்பழக்கமும் வாழ்க்கைச் சம்பவங்களும் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கிளைவ் வேரிங் என்று ஒரு பிரிட்டிஷ் இசைஞர். 1985-ல் ஹெர்பீஸ் வைரஸ் மூளையைத் தாக்கியது. நினைவு அரை நிமிடம் நிற்பதே அதிகம். டைரியில் 'இப்போதுதான் முதல்முறையாக விழித்தேன்' என்று எழுதுவார், கொஞ்ச நேரத்தில் அதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். ஆனால் பியானோ முன்னால் உட்கார வைத்தால் வாசிப்பார். மனைவி அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பல வருடம் கழித்துப் பார்ப்பவர்போல் ஓடிவந்து கட்டிக்கொள்வார்.

மருதாணி:
அந்த மனைவியை நினைத்தால்... சரி, விடுங்கள்.

கரிசல்குருவி:
இரண்டு வாரம் காணாமல் போயிருந்தேன். ஃபியூக் இல்லை, எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏழு அத்தியாயமும் போயிற்று. துப்பாக்கி போயிற்று, லாக்கர் சாவி போயிற்று, ரத்தம் போயிற்று. விழுப்புரம் மட்டும் இருக்கிறது. போட்டோவும் இருக்கிறது, ஆனால் அவளை அவன் கொல்லவில்லை. அவளிடம் அவன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாமல்தான் ரயிலேறினான். அது என்னவென்று இங்கே சொன்னால் யார் படிப்பீர்கள்? புதிய தொடக்கத்தைப் போடுகிறேன்:

"மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, 'எந்த ஊருண்ணே?' என்றார். அவன் வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை. ரயில் ஒன்று புறப்பட்டுப் போகும்வரை திறந்த வாயோடு நின்றான். பிறகு, 'சீனி கம்மியா' என்றான்.

கடையோரம் ஒரு சிறுமி அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். கூம்பு மடிக்க வராமல் பேப்பர் பேப்பராகக் கிழித்தாள். அவன் கை தானாக நீண்டு ஒரு தாளை வாங்கியது. ஒரு சுற்று, ஒரு மடிப்பு, நுனியில் ஒரு திருகு. கடலையைக் கொட்டி, மேல் ஓரத்தை உள்ளே தள்ளி மூடி, சணலைத் தேடிக் காற்றில் துழாவியது. சணல் அங்கே இல்லை. அவன் தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் இருந்தது.

'தெக்கத்திப் பலசரக்குக் கடையா?' என்றார் மாஸ்டர்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓட ஆரம்பித்தான்."

தேன்மொழி:
எங்கேயும் தவறு இல்லை. எழுதுங்கள்.

உப்புக்கல்:
சணலைத் தேடிய கை. போதும் தம்பி.

பழையபேப்பர்:
ஏன் ஓடினான்? சொல்லிவிட்டுப் போங்கள், தூக்கம் வராது.

அரைப்படி:
நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு குறை. சீனி என்கிறான், பலசரக்கு என்கிறார்கள், ஆள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்று காட்டுகிறீர்கள். கடைசி வரியில் லுங்கி எங்கிருந்து வந்தது? சாரம் இல்லையா?

கரிசல்குருவி:
அது கதைசொல்லியின் வார்த்தை அண்ணே, அவனுடையது இல்லை.

அரைப்படி:
அது சரி. கதைசொல்லி எந்த ஊர்?

கரிசல்குருவி:
கோவில்பட்டிப் பக்கம்தான். சென்னைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சாரம் என்று நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

திருத்திவிட்டேன்.